கரிச்சட்டி அபிஷேகம்

கரிச்சட்டியா? ரூமுக்குள்ளேயா? அது மட்டும் கேட்காதே கண்ணு. இன்னும் ரெண்டு ரஜாய்ப் போர்வை கேள், தருகிறேன். வெந்நீர்ப் பை கேள், ஆளுக்கு ஒன்று தருகிறேன். பிள்ளைக்குக் குல்லா வேண்டுமா, என் கையால் பின்னியது இருக்கிறது. பார்க்கத் தலையணை உறை மாதிரி இருக்கும், ஆனால் காதை மூடும். கரி மட்டும் கிடையாது.

உன் வீட்டுக்காரர் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. 'ஊட்டியில் ரூம் விடுகிறவள், ஒரு சட்டி நெருப்புக் கொடுக்க மனசில்லையே' என்று நினைக்கிறார். நினைக்கட்டும். நீ உட்கார். டீயைக் குடி. ஏன் இல்லை என்கிறேன் என்று சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சிரி. இந்தத் தெருவே சிரித்த கதைதான். முக்கில் இருக்கிற காய்க்கடையில் போய் 'லீதியாளம்மா வீடு எது' என்று கேட்டுப் பார், முழிப்பான். 'கரிச்சட்டி அபிஷேகம் வீடு' என்று கேள், கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவான்.

அந்த வருஷம் பனி முன்னாலேயே இறங்கிவிட்டது. நீங்கள் கீழ்நாட்டுக்காரர்கள், எல்லாம் ஒரே பனி என்பீர்கள். நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு. நீர்ப்பனி என்றால் புல் நனைந்திருக்கும், அவ்வளவுதான். உறைபனி என்றால் உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினது மாதிரி வெள்ளையாகக் கிடக்கும், மிதித்தால் நொறுங்கும். அந்த வருஷம் குழாயில் தண்ணீர் உறைந்துபோனது. தேயிலை கருகிவிட்டது. என் மகன் ஆசீரின் பேண்ட்டைக் கொடியில் மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் விறைத்துப்போய் ஆள் மாதிரியே நிற்கிறது. நான் கண்ணாடி போடாமல், "ஏன்டா குளிரில் நிற்கிறே, உள்ளே வா" என்று கூப்பிட்டேன். ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம். பதில் சொல்லாததற்குக் கோபம் வேறு.

ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வயதானவர்கள், குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே இருங்கள். கர்ப்பிணிகள் ஜாக்கிரதை. மூடிய அறையில் கரி நெருப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். எல்லாம் காதில் நன்றாக விழுந்தது. வீட்டுக்குள் இரு என்றதை நான் அப்படியே கேட்டேன். கரி விஷயம் மட்டும் எனக்கில்லை என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் நாங்கள் தூங்கவில்லையே! ஜெபம்தானே பண்ணினோம்!

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஜெபம் உண்டு. ஆலயத்தில் வைத்தால் கல்தரை, குளிர் முழங்காலைத் தின்றுவிடும். அதனால் பனிக்காலம் முடிகிறவரைக்கும் வீடு வீடாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முதலில் எப்சிபா டீச்சர் வீடு. டீச்சர் ரிட்டயர்டு, சுத்தபத்தமான பெண்பிள்ளை, ஆனால் அவள் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து அட்டை வைத்திருக்கும். அந்த அட்டை வழியாகக் காற்று வந்து ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுப் போனது. "ஸ்தோத்திரம்" என்று வாயைத் திறந்தால் "ஸ்தோ ஸ்தோ ஸ்தோ" என்று பல்தான் பேசுகிறது.

வெளியே வந்ததும் ராகேல் அக்கா, அவள்தான் எங்களில் மூத்தவள், "அடுத்த வாரம் உன் வீட்டில் வைப்போம் லீதியா. நீதான் வீட்டைப் பொட்டி மாதிரி வைச்சிருப்பே" என்றாள்.

அது போதும் எனக்கு. மனுஷிக்குப் புகழ்ச்சி வந்தால் கை கால் சும்மா இருக்குமா? மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, ஜன்னல் இடுக்கெல்லாம் நியூஸ்பேப்பர் ஒட்டினேன். மேலே வெண்டிலேட்டரில் சாக்கு. கதவுக்கடியில் பழைய சேலை சுருட்டி வைத்தேன். காற்றுக்கூட என்னிடம் உத்தரவு வாங்கித்தான் உள்ளே வர வேண்டும். கூடத்தின் நடுவில் பெரிய இரும்புச் சட்டி நிறையக் கரி. செக்கச்செவேல் என்று கனிந்து, துளிப் புகை இல்லை. புகை இருந்தால்தானே ஆபத்து என்பது என் கணக்கு. எட்டாம் வகுப்புக் கணக்கு.

அந்த வீட்டில் எனக்கு எதிராளி ஒருத்திதான். என் மருமகள் பெர்சி. தூத்துக்குடிப் பெண். கல்யாணமாகி ஏழெட்டு மாசம்தான் இருக்கும். கடற்கரையில் பிறந்தவள், குளிருக்குப் பயந்து மூலையில் முடங்குவாள் என்று பார்த்தால், ஜன்னலைத் திறக்கிறாள்! போகிற இடமெல்லாம் திறக்கிறாள். நான் மூடிக்கொண்டே பின்னால் போவேன், அவள் திறந்துகொண்டே முன்னால் போவாள்.

"அத்தை, மூச்சு முட்டுது. ஒரு பொட்டுத் திறந்து வைக்கட்டா?"

"காத்து வேணும்னா கடலுக்குப் போ. இது மலை."

வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் அதிகமாகப் பேசிக்கொண்ட விஷயம் அதுதான். ஜன்னல் திறக்கிற அந்த ஆவி அவளை விட்டுப் போக வேண்டும் என்று தனியாக ஜெபம்கூட வைத்தேன். சிரிக்காதே. சரி, சிரி.

முதல் வெள்ளிக்கிழமை. பாட்டு முடிந்தது, ஜெபம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உடம்பு லேசாக ஆனது பார், கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. காதில் கொய்ங் என்று ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர். எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். ராகேல் அக்கா கையை உயர்த்தினபடியே, மெதுவாக, மாவு மூட்டை சாய்கிற மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"இறங்கிட்டார்!" என்று ஒருத்தி கத்தினாள். "ஆவியானவர் இறங்கிட்டார்!"

அவ்வளவுதான். ஆவி இப்படி ஆள்மேல் இறங்குவதைத்தான் நாங்கள் அபிஷேகம் என்போம். அழுகையும் துதியும் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. முப்பது வருஷமாக ஜெபிக்கிறேன், அப்படி ஒரு நாள் வந்ததில்லை. அதுவும் என் வீட்டில்! என் கூடத்தில்! ராகேல் அக்காவை வாசலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். எழுந்து, "உன் வீட்டில் கால் வைக்கும்போதே ஒரு கனம் இறங்குதுடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் எல்லாருக்கும் மண்டையைப் பிளக்கிற தலைவலி. ஒருத்தி வந்து கேட்டாள். நான் சொன்னேன், "பரலோகம் வரை போய்ட்டுத் திரும்பினா தலை வலிக்கத்தான் செய்யும்." எப்படி இருக்கிறது என் ஞானம்!

அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பானது. மேல்தெருவிலிருந்து வந்தார்கள். வேறு சபையிலிருந்துகூட ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். நாலு பேர் சாய்ந்தார்கள். எப்சிபா டீச்சர் கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், போகும்போது, "ஏன் லீதியா, உன் வீட்டில் மட்டும் இப்படி?" என்றாள். பொறாமை என்று நினைத்தேன். தாழ்மையாகத் தலையைக் குனிந்து, "புதன்கிழமை உபவாசம் இருக்கேன் டீச்சர்" என்றேன். அந்தத் தாழ்மையை நீ பார்த்திருக்க வேண்டும். மயில்கூட அப்படித் தாழ்மையாக நடக்காது.

ஆனால் ஒரு குறை. என் மருமகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகிறது எங்கே, அவள்தான் உட்காருவதே இல்லையே! பாட்டு முடிகிறவரை இருப்பாள், ஜெபம் தொடங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள், மூணு மாசம் முடிந்து நாலு நடக்கிறது. மசக்கை. வெளியே பனியில், என் சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவள் போகிறவள் எல்லாம் என்னிடம் கேட்கிறாள், "ஊருக்கெல்லாம் இறங்குது, உன் மருமகளுக்கு மட்டும் ஏன்டி இறங்கல?" எனக்கு எப்படி இருக்கும்?

அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவளுக்காகவே தனி ஜெபம் என்று அறிவித்துவிட்டேன். வயிற்றுப் பிள்ளைக்காக. அன்றைக்குத்தான் அந்த வருஷத்திலேயே கடுமையான பனி. மத்தியானம் ஆகியும் நிழல் பக்கத்துப் புல் வெள்ளையாகவே கிடந்தது. கோழிக்குஞ்சு ஒன்று விறைத்துச் செத்துவிட்டதென்று, தாய்க்கோழியையும் மீதிக் குஞ்சுகளையும் கூடையோடு கூடத்து மூலையில் கொண்டுவந்து வைத்திருந்தேன். கரியை அன்றைக்கு ரெண்டு மடங்கு போட்டேன். கர்ப்பிணிப் பெண் குளிரக்கூடாது பார்! இருக்கிறதிலேயே கதகதப்பான இடம், சட்டிக்குப் பக்கத்தில், கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அவளை உட்காரவைத்தேன். கதவைத் தாழ் போட்டேன். என் முக்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டு நான் உட்கார்ந்தேன், காவலுக்கு.

"அத்தை, இன்னிக்கு எனக்கு முடியல. நான் உள் ரூம்ல படுத்துக்கட்டுமா?"

"உன் பிள்ளைக்காகத்தான் இத்தனை பேர் வந்திருக்காங்க. ஒரு நாள் உட்காரக் கூடாதா?"

உட்கார்ந்தாள். நல்ல பிள்ளை. அதுதான் என்னை இன்றைக்கும்... சரி, அது கிடக்கட்டும்.

ஜெபம் ஏறிற்று. எனக்குக் காதில் கொய்ங் வந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், பெர்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அத்தை, ஜன்னல்..." என்றாள். நான் விரலை உதட்டில் வைத்து உஷ் என்றேன். மறுபடி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்படியே ராகேல் அக்கா மடியில் சாய்ந்தாள்.

"அல்லேலூயா!" என்றாள் ராகேல் அக்கா. "மருமகளுக்கும் கிடைச்சிருச்சு லீதியா!"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது கண்ணு. கண்ணீர் கொட்டுகிறது. எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்று ஆசை. எழுந்திருக்கப் பார்த்தால் கால் கேட்கவில்லை. சரி, எனக்கும் இறங்குகிறது என்று கையை உயர்த்திக்கொண்டேன். அப்போதுதான் மூலையில் கண் போனது.

கோழி கூடையில் விழுந்து கிடக்கிறது. கழுத்து விளிம்பில் தொங்குகிறது. குஞ்செல்லாம் சுருண்டு கிடக்கிறது.

என் மனசு என்ன சொல்லிற்று தெரியுமா? முதலில், 'ஆண்டவரே, கோழிக்குமா!' என்றுதான் மகிழ்ந்தது. சத்தியமாக. அப்புறம்தான், எங்கேயோ அடியிலிருந்து, தூக்கத்தில் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி: 'ஏன்டி லீதியா, கோழி எந்தச் சபை?'

அந்தக் கேள்விதான் எங்கள் எல்லாரையும் பிழைக்க வைத்தது. அது கர்த்தர் கேட்டது என்று நான் சொல்வேன். என் மகன், "உனக்குக் கடைசி நிமிஷத்தில் கொஞ்சம் மூளை வேலை செஞ்சிருக்கும்மா" என்பான். ரெண்டும் அபூர்வம்தான்.

முக்காலியிலிருந்து விழுந்தேன். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் திறக்கவில்லை. யார் ஒட்டின பேப்பர்! மைதாப் பசை அப்படிப் பிடித்திருக்கிறது. கையில் அகப்பட்டது ஒரு டாம்பரின், பாட்டுக்குத் தட்டுவோமே, அதை வீசினேன். ஜல் என்று சத்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்தது. யாரோ, "ஆமென்!" என்றாள். கடைசியில் அந்த முக்காலியைக் காலைப் பிடித்துத் தூக்கி அடித்தேன். கண்ணாடி கொட்டிற்று. பனிக்காற்று மூஞ்சியில் அறைந்தது.

"அடிப் பாவி, கண்ணாடிய ஏன்டி உடைச்சே? பனி உள்ள வருது பார்!" என்று ஒருத்தி அழுகிறாள். இன்னொருத்தி, அவளாலும் எழுந்திருக்க முடியவில்லை, தவழ்ந்து வந்து தன் சால்வையைச் சுருட்டி அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறாள்! அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். ஜெபக்கூட்டத்தில், ஒரு சகோதரியின் முடியை. "தாழைத் தட்டுங்க டீச்சர்!" என்று கத்தினேன். கதவோரம் உட்கார்ந்த புண்ணியம், எப்சிபா டீச்சருக்குத்தான் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருந்தது. தட்டித் திறந்தாள். ரெண்டு பேருமாகப் பெர்சியின் தோளைப் பிடித்து இழுத்து, வாசல் தாண்டிப் புல்லில் போட்டோம். வெள்ளைப் புல்லில். அவள் முகத்தில் அசைவே இல்லை. நான் அவள் கன்னத்தைத் தட்டுகிறேன், "கண்ணைத் திற, ஜன்னல் எல்லாத்தையும் திற, நீ எத வேணும்னாலும் திற" என்று என்னென்னமோ உளறுகிறேன். ஜெபம் வரவில்லை கண்ணு. முப்பது வருஷமாகத் தடையில்லாமல் வந்தது, அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இருமினாள்.

கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு ஓடிவந்த தெருக்காரர்கள், ரெண்டு ஜீப்பில் எங்களை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, கட்டிலில் ரெண்டு ரெண்டு பேராகப் படுக்கவைத்து, மூக்கில் குழாய். டாக்டர் சின்னப் பெண், என் மகனைவிட இளையவள். "என்ன பண்ணிட்டிருந்தீங்க எல்லாரும்?" என்றாள். ராகேல் அக்காதான் குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, "அபிஷேகம், டாக்டர்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். "கரி போட்டீங்களா?"

"புகையே இல்லம்மா, நல்லாக் கனிஞ்ச கரி" என்றேன், ஏதோ விற்கப் போகிறவள் மாதிரி.

"அந்தக் கரியில வர்ற வாயுதான்மா விஷம். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலை சுத்தும், சுகமா இருக்கும், அப்படியே போயிடுவீங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கர்ப்பிணிப் பொண்ணை இதுக்கு முன்னாலும் அதில் உட்கார வைச்சீங்களா?"

"அவ உட்காரவே மாட்டாம்மா" என்றேன். "ஓடிடுவா. எத்தனை திட்டினாலும் ஓடிடுவா. இன்னிக்குத்தான்..."

உள்ளே ஸ்கேன் எடுத்தார்கள். ஆசீர் வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவன், என் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்து நிற்கிறான். நான் பெற்ற பிள்ளை, அன்றைக்கு என்னைப் பார்க்கவில்லை. பேரப்பிள்ளைக்கு ஏதாவது என்றால் அந்த முகம் இனி என் பக்கம் திரும்பவே திரும்பாது, அது எனக்குத் தெரிந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. குதிரை ஓடுகிற மாதிரி, டக் டக் டக் டக் என்று. டாக்டர் தலையை நீட்டி, "துடிப்பு நல்லா இருக்கு" என்றாள்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் மூக்கில் குழாயோடு அழுதார்கள். ராகேல் அக்கா அங்கேயே "ஸ்தோத்திரம்!" என்று தொடங்கிவிட்டாள், எல்லாரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். சத்தம் பொறுக்காமல் நர்ஸம்மா வந்து வார்டுக் கதவைச் சாத்தப் போனாள். "கதவைச் சாத்தாதீங்க!" என்று அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினோம் பார், அந்த நர்ஸ் பயந்துபோய்க் கதவை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். எங்கள் சபையில் அத்தனை ஒருமனம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கோழியா? கோழி பிழைக்கவில்லை. பாவம், குஞ்சும் இல்லை. ஆசீர் கொல்லையில் புதைத்தான்.

பெர்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், உடைந்த ஜன்னல் பக்கத்தில் படுக்கையைப் போடச் சொன்னாள், அவ்வளவுதான். தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம்தானே கூட்டிக்கொண்டு போவது வழக்கம், அவள் ஐந்தாம் மாசமே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஏம்மா இத்தனை சீக்கிரம்?" என்றேன். "குளிர் ஒத்துக்கல அத்தை" என்றாள். பெண் குழந்தை பிறந்தது. அழுதால் துறைமுகத்துக் கப்பல்காரனுக்குக் கேட்கும், அப்படித் தொண்டை. மறுவருஷம் சித்திரை பிறந்ததும் பிள்ளையோடு வந்துவிட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறோம். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். என் குல்லாவைப் பிள்ளைக்குப் போட்டுவிடுவாள், அதுவே பெரிய அன்பு இல்லையா? ஐப்பசி மழை விட்டதும் பெட்டியைக் கட்டிவிடுவாள். மாசி கழிந்துதான் திரும்புவாள். வருஷா வருஷம் இப்படித்தான். பேத்திக்கு ஆறு வயசாகப் போகிறது, ஒரு கிறிஸ்துமஸ்கூட இந்த வீட்டில் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபம் இன்னும் என் வீட்டில்தான். ஜன்னல் ரெண்டும் திறந்திருக்கும். எல்லாரும் கம்பளி போர்த்திக்கொண்டு கரடிக் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருப்போம். யாரும் சாய்வதில்லை. முன்னே ரெண்டு மணி நேரம் ஜெபித்தவர்கள் இப்போது கால் மணி நேரத்தில் ஆமென் சொல்லிவிடுகிறார்கள்.

அதனால் கண்ணு, உங்கள் ரூம் ஜன்னலை ஒரு கையகலம் திறந்தே வையுங்கள். சாத்த நினைத்தாலும் முடியாது, கொக்கியைக் கழற்றிவிட்டேன். உன் வீட்டுக்காரர் கேட்டால், வீட்டுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று சொல். இந்த ஊரில் ஒருத்தரும் மறுக்க மாட்டார்கள்.

நேற்றுக்கூடப் போனில் பேத்தியிடம், "இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாடி தங்கம்" என்று கெஞ்சினேன். "அம்மாவைக் கேளுங்க ஆச்சி" என்று போனைக் கொடுத்துவிட்டாள். பெர்சி முதலில் என் உடம்பைப் பற்றி விசாரித்தாள். அப்புறம், "குளிர் குறையட்டும் அத்தை, வர்றோம்" என்றாள். பாவம், கடற்கரைப் பிள்ளைகள், குளிர் தாங்காது. வேறு என்ன காரணம் இருக்கப் போகிறது? அதனால் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை நான் முதலில் வைக்கிற விண்ணப்பம் இதுதான்: ஆண்டவரே, இந்த டிசம்பரிலாவது ஊட்டியில் குளிரைக் கொஞ்சம் குறைத்துத் தாரும். எல்லாரும் ஆமென் சொல்கிறார்கள். ராகேல் அக்கா மட்டும் சொல்வதில்லை. கம்பளிக்குள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள்.